பொலிசியில் இல்லாத பந்தி

போன கிழமை தாரணி போன் எடுத்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் வேலைக்கு வந்தவள். லண்டன் நோர்பரியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. என்னோடு தமிழில் தொடங்குவாள், அந்தரம் வந்தால் இங்கிலிஷுக்குத் தாவிவிடுவாள்.

"ஆன்ரி, விலக்கல் பொலிசியில 'மொழிபெயர்ப்பாளர் பற்றி நடைமுறைக் குறிப்பைப் பார்க்கவும்' எண்டு ஒரு வரி இருக்கு. அந்தக் குறிப்பு எந்த போல்டரில இருக்கு? தேடித் தேடிக் களைச்சுப் போனன்."

"தேடாதேங்கோ பிள்ளை. அப்பிடி ஒண்டும் இல்லை."

"இல்லையோ? பார்க்கச் சொல்லி எழுதியிருக்கே?"

"பார்க்கச் சொல்லி எழுதினவை. பார்க்கிறதுக்கு ஒண்டும் எழுதேல்லை."

பிறகு, "என்ன நடந்தது எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோவன்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதே கிழமை எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலர்க்குழுவிலிருந்தும் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். உங்களுடைய வேலை அனுபவத்தை எழுதுங்கோ, பிள்ளைகளுக்கு ஊக்கம் தருகிற மாதிரி இருக்கட்டும் என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். மலர்க்குழுவுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இதில் ஊக்கம் ஒரு சொட்டும் கிடையாது. வேண்டாமென்றால் திருப்பி அனுப்புங்கள், கோபிக்க மாட்டேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதையை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் படித்த படிப்பை இங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு ஆரம்பப் பாடசாலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போனேன். அங்கிருந்து அலுவலகம், பிறகு மாலை வகுப்பு, பிறகு தென் லண்டனில் ஒரு பெரிய பாடசாலையில் கவர்னர்மாரின் கிளார்க். கவர்னர்மார் என்றால் சம்பளமில்லாமல் பாடசாலையை மேற்பார்வை செய்கிற ஊர்ச்சனம். பெற்றோர் சிலர், ஆசிரியர் ஒருவர், பொழுது போகாத ஓய்வூதியக்காரர் சிலர். கிளார்க்கின் வேலை கூட்டத்தைக் கூட்டுவது, நடந்ததை எழுதுவது, விதி என்ன சொல்கிறது என்று கேட்டால் சொல்வது. கிளார்க்குக்கு வாக்கு இல்லை. வாய் உண்டு, ஆனால் விதியைச் சொல்வதற்கு மட்டும்.

என் பொறுப்பில் பெரிய பங்கு பொலிசிகள், அதாவது எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று பாடசாலை எழுதி வைத்திருக்கிற கொள்கைகள். இந்த நாட்டுப் பாடசாலையில் எதற்கும் ஒரு பொலிசி உண்டு. சீருடைக்கு, வரவுக்கு, மருந்து கொடுப்பதற்கு, ஆசிரியருக்கு நத்தார்ப் பண்டிகைக்குச் சொக்கலேட் கொடுப்பதற்குக்கூட. ஒவ்வொன்றின் அடியிலும் அடுத்த மீளாய்வு எப்போது என்று எழுதியிருக்கும். அந்த நாள் கிட்ட வந்தால் நான் பழைய பிரதியை எடுத்து, அரசாங்கம் புதிதாகச் சொன்னவற்றோடு ஒப்பிட்டு, மாற்ற வேண்டியதைச் சிவப்பில் அடித்துக் குழுவுக்கு அனுப்புவேன். குழு பார்த்த பிறகு பெற்றோரிடம் கருத்துக் கேட்க வேண்டும். அதன் பிறகு முழுச் சபை ஏற்றுக்கொள்ளும், தலைவர் கையெழுத்து வைப்பார், இணையதளத்தில் ஏற்றுவோம், அடியில் புதிய நாள் போடுவோம்.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது, இல்லையா? நடப்பது வேறு. நூலக அறையில் பாடசாலை விட்ட பிறகு கூட்டம் நடக்கும். ஹீற்றரை நிறுத்தியிருப்பார்கள், பாதிப் பேர் கோட்டைக் கழற்றாமலே இருப்பார்கள். பொலிசிகள் எப்போதும் நிகழ்ச்சி நிரலின் கடைசியில். அந்த இடம் வரும்போது எல்லோரும் பஸ்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்கள். "யாருக்கும் ஏதாவது?" என்று தலைவர் கேட்பார். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பெற்றோரிடம் கருத்துக் கேட்கிற சீர் அதைவிட மோசம். இணையதளத்தின் ஒரு மூலையில், இங்கிலிஷில், சின்ன எழுத்தில் ஒரு அறிவித்தல். நாள் முடிந்ததும் 'கருத்து எதுவும் கிடைக்கவில்லை' என்று நான் எழுதுவேன். அதன் அர்த்தம் பெற்றோர் சம்மதம். எங்கள் சனம் கடையில் நிற்குமா, ஷிப்டுக்கு ஓடுமா, அந்த மூலையைத் தேடிப் பிடித்து வாசிக்குமா? வாசித்தாலும் பள்ளிக்கூடத்துக்கு எதிராக ஒரு சொல்லு எழுதுவார்களா? கோதாரி விழுந்த கருத்துக் கேட்பு! எத்தனை வருஷம் அந்த வசனத்தை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

ஆனால் அந்தக் காகிதக் குவியலுக்குள் ஒரே ஒரு பந்தி, மூன்று நாலு வரி, என்னுடையது. அது உள்ளே வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

ஒருமுறை பெற்றோர் சந்திப்பில் ஒரு பிள்ளை தன் தகப்பனுக்குத் தானே மொழிபெயர்த்திருக்கிறாள். ஆசிரியை, இவள் வீட்டுப்பாடமே செய்வதில்லை என்று சொல்ல, அந்தக் கெட்டிக்காரி தகப்பனிடம், நான் இரவிரவாகப் படிக்கிறேனாம், கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லுகிறா என்றாளாம். தகப்பன் எழும்பி ஆசிரியையின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாராம். அந்த மொழி தெரிந்த உதவியாசிரியை ஒருவர் பக்கத்து மேசையில் இருந்தபடியால் விஷயம் வெளியே வந்தது. கூட்டத்தில் இதைப் பகிடியாகச் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தோம். திரு. வின்ஸ்டன் மட்டும் சிரிக்கவில்லை. ஜமேக்காக்காரர், ஆயுள் முழுக்க பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், சபையில் அதிகம் பேசாத மனுஷன். "இன்றைக்கு வீட்டுப்பாடம். நாளைக்கு வேறு ஏதாவது என்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். என் பக்கம் திரும்பி, "எழுதுங்கள், மிஸிஸ். எழுதினால்தான் இவர்கள் செய்வார்கள்" என்றார்.

எழுதினேன். ஒரு மாணவரைப் பற்றிய எந்தக் கூட்டத்திலும் அந்த மாணவரைத் தன் பெற்றோருக்கு மொழிபெயர்க்க வைக்கக் கூடாது, பெற்றோர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பாடசாலையே ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும். அவ்வளவுதான். பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்துவது பற்றிய விலக்கல் பொலிசியில் அதைப் போட்டோம். பல வருஷம் அது அங்கே இருந்தது. அந்தப் பந்தியைக் காட்டி நான் நிறுத்திய கூட்டங்கள் உண்டு. பந்தியைக் காட்டினால் பாடசாலை அதிபர் முணுமுணுத்தாலும் நிறுத்துவார். எனக்கு அதில் பெருமை இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

பிறகு எங்கள் பாடசாலை ஒரு டிரஸ்டுக்குள் போனது. டிரஸ்ட் என்றால் பல பாடசாலைகளை ஒரே நிர்வாகத்தில் சேர்த்து நடத்துகிற அமைப்பு. எனக்கு மேலே கரோலின் என்று ஒருவர் வந்தார். அவரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல எனக்கு மனமில்லை, அதுதான் பெரிய கரைச்சல். குரலை உயர்த்த மாட்டார். யாருக்குப் பிள்ளைக்குச் சுகமில்லை, யார் தாய் ஆஸ்பத்திரியில் என்று ஞாபகம் வைத்துக் கேட்பார். பச்சைப் பேனை வைத்திருப்பார். நீங்கள் எவ்வளவு கொதித்தாலும் தலையைச் சாய்த்து முழுவதும் கேட்பார். கேட்டு முடித்ததும் "நன்றி, இது மிகவும் பயனுள்ளது. குறித்துக்கொள்வோம்" என்பார். குறித்துக்கொள்வார். அதோடு அந்த விஷயம் செத்துவிடும். சண்டை பிடிக்கிற ஆளோடு நான் சண்டை பிடித்திருப்பேன். இந்த மனுஷியோடு என்ன செய்வது?

எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரே பொலிசி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். வெளியிலிருந்து ஒரு மாதிரிப் பொலிசியை வாங்கி, ஒவ்வொரு பாடசாலையின் பழைய பொலிசியையும் அதற்குப் பக்கத்தில் வைத்து, எது கூட, எது குறைய என்று பார்த்தோம். விலக்கல் பொலிசி வந்தது. பச்சைப் பேனை என் பந்திக்கு மேலே நின்றது.

"இது மாதிரியில் இல்லை" என்றார் கரோலின்.

"தெரியும். எங்களுக்குத் தேவைப்பட்டது, அதனால் எழுதினோம்" என்றேன். அந்தத் தகப்பன் கதையைச் சொன்னேன். கரோலின் சிரிக்கவில்லை, உண்மையிலேயே கவலைப்பட்டார்.

"நியாயமான கவலை. ஆனால் இது பொலிசி இல்லையே, நடைமுறை. பெற்றோர் பங்குபற்ற நியாயமான ஏற்பாடுகள் செய்யப்படும் என்று மாதிரியிலே இருக்கிறது. உங்கள் விஷயத்தைத் தனியாக ஒரு நடைமுறைக் குறிப்பில் போடுவோம்."

"அந்தக் குறிப்பை யார் எழுதுவது? எப்போது?"

"அடுத்த பாடசாலைத் தவணைக்குப் பார்ப்போம். உங்கள் கருத்தைக் குறித்துக்கொள்வோம்."

பச்சைப் பேனை பந்தியை வெட்டியது. பக்கத்தில், நடைமுறைக் குறிப்பைப் பார்க்கவும் என்று எழுதியது. நானே ஒரு குறிப்பை எழுதி அனுப்பினேன், இரண்டு முறை. அங்கீகரிக்க ஒரு குழு வேண்டுமாம், அந்தக் குழு இன்னும் அமைக்கப்படவில்லையாம். பெற்றோரிடம் கருத்துக் கேட்டார்கள். கருத்து எதுவும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு வந்தது கஜனின் விஷயம். கஜன் அவனுடைய பெயரல்ல. பதினாலு வயது. தகப்பன் இல்லை. தாய் பிந்தி வந்தவர், ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற வேலை, இங்கிலிஷ் ஒன்றிரண்டு சொல். மகன்தான் வீட்டுக்கு வருகிற எல்லாக் கடிதத்தையும் வாசித்துச் சொல்வான். கவுன்சில், பெனிபிட், டொக்டர், எல்லாம் அவன் வாயால்தான் அந்த வீட்டுக்குள் போகும்.

அவன் ஒரு பையனைப் படியில் தள்ளிவிட்டான். பையனுக்குக் கை முறிந்தது. அதிபர் கஜனை நிரந்தரமாக விலக்கினார். அப்படி விலக்கினால் மூன்று கவர்னர்மார் கூடி, அதிபர் செய்தது சரியா, பிள்ளையைத் திரும்ப எடுக்க வேண்டுமா என்று விசாரிக்க வேண்டும். கிளார்க் நான். அழைப்புக் கடிதம் டிரஸ்டின் மாதிரிப்படி இங்கிலிஷில் போனது, மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் அறியத் தரவும் என்ற வரியோடு. தமிழிலும் அனுப்புவோம் என்று கேட்டேன். பெற்றோர் கேட்டால் மட்டும் என்றார் கரோலின். கேட்பதற்கு முதலில் அந்த வரி விளங்க வேண்டுமே! வீட்டுக்கு போன் எடுத்தேன். எடுத்தவன் கஜன். அம்மா வேலையில், அம்மாவுக்கு இங்கிலிஷ் பிரச்சினை இல்லை என்று தெளிவான இங்கிலிஷில் சொன்னான்.

விசாரணை நாள் தாய் உள்ளே வந்த கோலத்தைக் கண்டதும் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டேன். குளிர்க் கோட்டுக்குள் பட்டுச் சேலை. கையில் பிஸ்கட் வந்த ஒரு தகர ரின். என் பொட்டைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பு. விசாரணைக்கு வருகிற தாய் எவளும் இப்படி வர மாட்டாள். இது என்ன கூட்டம் என்று அவருக்குத் தெரியாது என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

குழுவின் தலைவர் அலன் வேறொரு பாடசாலையின் கவர்னர், வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், நேர்மையான ஆள். அம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியுமா என்று கேட்டார். நான் சொல்லிக்கொடுப்பேன் என்றான் கஜன். நான் உடனே, தலைவரே, வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்து மொழிபெயர்ப்பாளரை எடுப்போம் என்றேன். தாய் சம்மதமா என்று அவர் கேட்க, கஜன் தாயிடம் திரும்பினான்.

"அம்மா, நான் சொல்லித் தரட்டோ?"

"ஓம் ராசா, நீதானே எனக்கு எல்லாம் சொல்லித் தாறனி."

சம்மதம். அதிபர் படியில் நடந்ததை வாசித்தார். கை முறிந்த விபரம், ஆஸ்பத்திரி, முந்தைய எச்சரிக்கை. கஜன் தாயின் காதருகே குனிந்தான்.

"நான் கணக்கில நல்லாச் செய்யிறனாம் அம்மா. வாற வருஷம் மேல் வகுப்பில போடலாமோ எண்டு யோசிக்கினமாம்."

தாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அதிபரைப் பார்த்து, "தாங்க்யூ மிஸ்" என்றார். அதிபர் குனிந்து தாளைப் புரட்டினார். குழுவிலிருந்த மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "தலைவரே, இங்கே சொல்லப்படுவது தாய்க்குப் போகவில்லை. கூட்டத்தை நிறுத்த வேண்டும்" என்றேன்.

"நீங்கள் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரா?" என்று கேட்டார் அலன். இல்லை. "இந்த வழக்கில் சாட்சியா?" இல்லை. "அப்படியென்றால் கிளார்க்காகத்தான் ஆலோசனை சொல்கிறீர்கள். எந்தப் பந்தியின்படி?"

ஏளனமாகக் கேட்கவில்லை. பந்தி இருந்திருந்தால் நிறுத்தியிருப்பார், அது எனக்கு நன்றாகத் தெரியும். பொலிசி அவருக்கு முன்னால் திறந்து கிடந்தது. நியாயமான ஏற்பாடுகள் என்ற வரியைக் காட்டினேன். எல்லாத் தரப்புக்கும் விளங்கி நடப்பதுதான் இயற்கை நீதி என்றேன். அவர் சிறிது இடைவேளை விட்டு, கரோலினுக்கு போன் எடுக்கப் போனார்.

தாய் உள்ளேயே ரின்னை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் தண்ணீர் எடுக்க வெளியே வர, கஜன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"ஆன்ரி, பிளீஸ். அம்மாட்ட சொல்லாதேங்கோ. அவவுக்குத் தாங்கேலாது."

"எப்பவும் மறைக்க ஏலுமோ கஜன்? ஏன் அந்தப் பொடியனைத் தள்ளினனீ?"

கீழே பார்த்துக்கொண்டு நின்றான். "கேற்றில அம்மா வந்து நிண்டவ. அம்மா கதைக்கிற மாதிரி அவன் எல்லாருக்கும் முன்னால கதைச்சுக் காட்டினவன். ஒவ்வொரு நாளும்."

"இதை உள்ளுக்க போய்ச் சொல்லு! இங்கிலிஷில சொல்லு, அவவுக்கு விளங்காது."

"'மை மம்' எண்டா விளங்கும் ஆன்ரி."

அதற்குள் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கரோலினின் தீர்ப்பு வந்திருந்தது. மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று கடிதத்தில் கேட்டாகிவிட்டது, பெற்றோர் கேட்கவில்லை, கூட்டத்தைத் தொடரலாம். கிளார்க்கின் கருத்து குறித்துக்கொள்ளப்படும். கஜனிடம், ஏன் செய்தாய் என்று கேட்டார்கள். தெரியாது என்றான். பிறகு அலன் தாயைப் பார்த்து, மகன் செய்ததைப் பற்றி உங்களுக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார்.

"என்னைப் பற்றி ஏதும் சொல்லட்டாம், அம்மா."

தாய் நிமிர்ந்து இருந்தார். "நல்ல பிள்ளை, சேர். எனக்கு எல்லாம் இவன்தான். இந்த நாட்டில இவன் இல்லாட்டி எனக்குக் கண் தெரியாது. உங்களுக்குக் கோடி புண்ணியம்." சொல்லிச் சிரித்தார். கஜன் இங்கிலிஷில், அம்மா மிகவும் வெட்கப்படுகிறா, மன்னிப்புக் கேட்கிறா என்றான்.

சிரித்த முகம். மன்னிப்பு. குழு தாயின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இதற்கு மேலும் வாயைப் பொத்திக்கொண்டிருக்க என்னால் ஏலவில்லை. விதியாவது மண்ணாவது என்று நேரே தமிழில் சொன்னேன்.

"தங்கச்சி, இது பாராட்டுற கூட்டம் இல்லை. உங்கட மகனைப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டுற கூட்டம்."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. மகனைப் பார்த்தார். அவனும் சிரித்தான். "ஆன்ரி பகிடி விடுறா அம்மா."

அவ்வளவுதான், தாய் கலகலவென்று சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. "ஐயோ அக்கா, நான் பயந்தே போனன்!"

பெற்ற பிள்ளையை நம்புவாரா, வழியில் கண்ட என்னை நம்புவாரா? அலன் சிவந்துபோய், கிளார்க் தயவுசெய்து அமைதியாக இருக்க வேண்டும் என்றார். கூட்டம் முடிந்தது. எழும்பும்போது தாய் ரின்னைத் திறந்து எல்லோரிடமும் நீட்டினார். பயத்தம் பணியாரம். விடியவே எழும்பிச் சுட்டிருக்க வேண்டும், வாசம் அறையெல்லாம் பரவியது. அலன் மரியாதையாகக் கையெடுத்து மறுத்தார். அன்பளிப்புப் பொலிசியின்படி முடிவெடுக்கிறவர்கள் எதையும் வாங்கக் கூடாது. அதற்குப் பந்தி இருந்தது.

என் கைக்குள் இரண்டைத் திணித்துவிட்டுத்தான் போனார்.

அவர்கள் போன பிறகு குழு முடிவெடுத்தது. தாய் விஷயத்தின் பாரத்தை உணர்ந்ததாகத் தெரியவில்லை, விசாரணையிலேயே சிரித்தார், வீட்டில் ஆதரவு இருக்கும் என்ற நம்பிக்கை இல்லை, விலக்கல் சரி. அதை எழுதியது என் கை. என் ஆட்சேபத்தைத் தனிப் பந்தியாகச் சேர்த்தேன். கிளார்க் ஒரு தரப்பு அல்ல என்று கரோலின் எடுத்துவிட்டார். முடிவுக் கடிதம் இங்கிலிஷில் போனது. மேல்முறையீடு செய்யலாம் என்ற வரியும் இங்கிலிஷில்தான். யார் வாசித்துச் சொல்லியிருப்பான் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்த தவணையில் பெற்றோர் சந்திப்பு நாள். வரவேற்பிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு தமிழ்த் தாய் வந்திருக்கிறா, பெயர் பட்டியலில் இல்லை, ஒருக்கா வந்து கதையுங்கள் என்றார்கள். போனால், அதே குளிர்க் கோட்டு, அதே ரின். வரவேற்பில் நின்று கதைப்பதற்கு எந்தப் பொலிசியும் தடையில்லை பாருங்கள், அங்கே யாரும் மொழிபெயர்க்கலாம்.

"கஜன் சொல்லேல்லை அக்கா. பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் இண்டைக்கு ரீச்சர்மாரைப் பாக்கலாம் எண்டு சொன்னது. அவன் எந்த வகுப்பு இப்ப?"

உள்ளூராட்சிக் கவுன்சில் அவனை, விலக்கப்பட்ட பிள்ளைகளுக்கான வேறொரு நிலையத்துக்கு அனுப்பியிருந்தது. அவன் காலையில் எங்கள் பாடசாலைச் சீருடையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டு, டிராமில் வைத்து மாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். இதெல்லாம் பிறகு தெரிய வந்தது. நான் அவரைக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் இருந்து, எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். படியில் தள்ளியதை, ஏன் தள்ளினான் என்பதை, முடிவை.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மேல்முறையீடு பற்றியும் கேட்கவில்லை. அதற்கான காலம் எப்போதோ முடிந்திருந்தது. வெகுநேரம் ரின்னின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப நீங்கள் அண்டைக்குச் சொன்னனீங்கள்" என்றார்.

"ஓம்."

"நான்தான் சிரிச்சனான்."

"உங்களுக்கு என்ன தெரியும், தங்கச்சி?"

"அவன்ரை படிப்பை வெட்டேக்க நான் பட்டுச் சேலையோட இருந்து சிரிச்சனான், அக்கா. என்ன தாய் எண்டு நினைச்சிருப்பினம்?"

அவர் நினைத்ததுதான் அறிக்கையில் இருந்தது, வசனத்துக்கு வசனம். நான் அதைச் சொல்லவில்லை. அழுதேன். அவர் அழவில்லை.

அடுத்த மீளாய்வு வந்தபோது இந்தக் கதை முழுவதையும் கரோலினுக்குச் சொன்னேன். கண் கலங்கிவிட்டார், பொய்யில்லை. என் கையைப் பிடித்தார். பந்தியைத் திரும்பப் போடுவோம் என்றேன். ஒரு சம்பவத்தை வைத்து எல்லாப் பாடசாலைகளின் பொலிசியையும் மாற்ற முடியாது, நடைமுறைக் குறிப்பில் கட்டாயம் வரும், குறித்துக்கொள்வோம் என்றார். எனக்கு விசர் வந்து கத்திப்போட்டேன். அதற்கும் நன்றி சொன்னார். திரு. வின்ஸ்டன் அதற்கு முன்பே காலமாகிவிட்டார், இதைக் காணாதது நல்ல காலம். அந்த வருஷமே நான் விட்டுவிட்டு வந்தேன். கஜன் இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது. தாயும் அந்தத் தெருவில் இல்லை.

நேற்று இவ்வளவையும் தாரணிக்கு போனில் வாசித்துக் காட்டினேன்.

"ஆன்ரி, வாற கிழமை ஒரு ஹியரிங் இருக்கு. அதுக்குத்தான் அந்தக் குறிப்பைத் தேடினனான். தாய்க்கு இங்கிலிஷ் தெரியாது. மகள்தான் சொல்லிக்குடுக்க வாறாவாம். கேஸும் அந்த மகளின்ரைதான்."

"கரோலினிட்டைச் சொன்னீங்களோ?"

"சொன்னனான். குறிச்சுக்கொள்ளுறன் எண்டவ."

இவ்வளவு கால வேலை அனுபவத்தில் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க என்னிடம் என்ன மிச்சம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"தாயின்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருங்கோ, பிள்ளை. தாய் சிரிச்சா, உடனே கூட்டத்தை நிப்பாட்டுங்கோ."

"எந்தப் பந்தியைச் சொல்லி, ஆன்ரி?" என்று கேட்டாள்.